வாயில் வெள்ளைப் படலம்: வாய்ப்பூஞ்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய்ப்பூஞ்சை என்பது என்ன? வெளியிலிருந்து தொற்றுகிற கிருமியா?

நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த பால் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள் படிவதை மருத்துவர்கள் ஓரல் த்ரஷ் என்கிறார்கள். தமிழில் வாய்ப்பூஞ்சை, வாய் வெண்படலம் என்றெல்லாம் சொல்கிறோம். இதற்குக் காரணம் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பெரும்பாலானவர்களிடம் காணப்படுவது அதில் ஒரு இனமான கேண்டிடா அல்பிகன்ஸ்.

இந்தப் பூஞ்சை பெரும்பாலும் உங்கள் வாயிலேயே ஏற்கெனவே இருப்பதுதான். நலமாக இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, சில ஆய்வுகளின்படி பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, எந்தத் தொல்லையும் தராமல் அது வாயில் வாழ்கிறது. உமிழ்நீர் அதை ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதற்கு இடம் விடுவதில்லை. உடலின் எதிர்ப்பு அணுக்களும் அதைக் கண்காணிக்கின்றன. இந்த மூன்று காவல்களில் ஒன்று தளர்ந்தால், உருண்டையாக இருந்த ஈஸ்ட் இழைபோல நீண்டு மேல்தோலுக்குள் நுழைகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் படலம் என்பது பூஞ்சை இழைகள், உதிர்ந்த தோல் செல்கள், கசிந்த புரதம் எல்லாம் கலந்த ஒரு கலவை.

ஆகவே வாய்ப்பூஞ்சை வந்தவுடன் எந்த மருந்து என்று கேட்பதோடு, இப்போது ஏன் வந்தது என்றும் கேட்க வேண்டும். மருந்து படலத்தைப் போக்கிவிடும். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் சில வாரங்களில் மறுபடியும் வரும்.

யாருக்கு வருகிறது?

பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைகள், முதியவர்கள், பல்செட் போடுபவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், தலை அல்லது கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள், ஸ்டீராய்டு மாத்திரைகளோ நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளோ எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். இவர்களோடு புகைபிடிப்பவர்களையும், இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது வாய் வறட்சியை. மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர்ப்பைத் தொல்லை ஆகியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கின்றன. அவற்றை நீண்ட நாள் எடுப்பவருக்கு வேறு நோயே இல்லாமலும் வாய்ப்பூஞ்சை வரலாம்.

முன்பு நலமாக இருந்த, இந்தப் பட்டியலில் எதிலும் அடங்காத ஒரு நடுவயதுக்காரருக்கு வாய்ப்பூஞ்சை வந்தால் அதை லேசாக விடக் கூடாது. ரத்தச் சர்க்கரை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, எச்.ஐ.வி. ஆகிய மூன்றையாவது பார்க்க வேண்டும். 1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றி முதன்முதலில் வெளிவந்த அமெரிக்க மருத்துவ அறிக்கை, அரிய வகை நிமோனியா கண்ட ஐந்து இளைஞர்களைப் பற்றியது. அந்த ஐவருக்கும் கேண்டிடா தொற்றும் இருந்தது அதில் பதிவாகியிருக்கிறது.

வெள்ளையாக இருந்தால்தான் வாய்ப்பூஞ்சையா?

இல்லை. சிவந்த வகையும் உண்டு. ஆன்டிபயாடிக் எடுத்தபின் நாக்கின் மேலுள்ள மொட்டுகள் மழுங்கி, நாக்கு சிவந்து வழுவழுப்பாகி, சூடானதும் காரமானதும் பட்டால் எரிவது ஒரு வகை. வெள்ளை எதுவும் தெரியாததால் இதை வெறும் வாய்ப்புண் என்று நினைத்து வைட்டமின் மாத்திரையோடு நிறுத்திவிடுவார்கள்.

பல்செட்டுக்கு அடியில் மேலண்ணம் அந்தச் செட்டின் வடிவத்திலேயே அச்சுப் போட்டதுபோலச் சிவந்திருப்பது இன்னொரு வகை. இதில் பெரும்பாலும் வலி இருக்காது, அதனால் பல்செட்டைக் கழற்றிப் பார்க்கும் மருத்துவரிடம் போகும்வரை தெரியாமலே இருக்கும். வாயின் இரு ஓரங்களிலும் வெடித்துப் புண்ணாவதற்கும் கேண்டிடா காரணமாகலாம். சில சமயம் அதோடு ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். வாயோரப் புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வாய்க்குள்ளும் பார்க்க வேண்டும். கிருமியின் இருப்பிடம் உள்ளே இருக்கும்போது வெளியே மட்டும் களிம்பு தடவிப் பயனில்லை.

நாக்கில் வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சைதானா? வீட்டிலேயே எப்படிப் பிரித்தறிவது?

காலையில் எழும்போது நாக்கின் நடுவில் மெல்லிய வெண்மை இருப்பது இயல்பு. நாக்கு வழித்தால் போய்விடும், அடியில் சிவப்பும் இருக்காது.

வாய்ப்பூஞ்சையில் வெள்ளைத் திட்டுகள் நாக்கில் மட்டும் இல்லாமல் கன்னத்தின் உட்புறம், அண்ணம், உதட்டின் உட்பக்கம் என்று பரவியிருக்கும். ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தால் படலம் உரிந்து, அடியில் சிவந்த பரப்பு தெரியும். லேசாக ரத்தம் கசியவும் கூடும். ஒருமுறை பார்த்தால் போதும். வழித்துச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று தினமும் சுரண்டுவது, அந்தப் பச்சைப் புண்ணில் பூஞ்சை இன்னும் ஆழமாக இறங்க வழி செய்யும்.

துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு வேறு விஷயம். லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயில் சரிகை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். லியூகோபிளேக்கியா என்ற தடித்த திட்டு புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. நாக்கில் வரைபடம்போல ஓரம் வெளுத்துச் சிவந்த தீவுகள் இடம் மாறி மாறி வந்தால் அது தீங்கற்ற வேறொரு நிலை, அதற்கு மருந்தே வேண்டாம்.

பரிசோதனை செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பழகிய கண்ணுக்குப் பார்த்தாலே தெரியும், மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே போதுமானது. ஐயம் இருந்தால் படலத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இழைகள் தெரிந்தால் தொற்று உறுதி. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வெறுமனே கேண்டிடா வளர்ந்தது என்று அறிக்கை வந்தால் அது மட்டும் நோய்க்குச் சான்றாகாது, ஏனென்றால் நலமாக இருப்பவர் வாயிலிருந்து எடுத்தாலும் அது வளரும். மருந்துக்கு அடங்காதபோது எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறியத்தான் கல்ச்சர் உதவும்.

நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். எப்படி எடுப்பது?

வாய்ப்பூஞ்சைச் சிகிச்சை தோற்பதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான். மருந்து சரியானதாக இருந்தும் எடுக்கும் முறை தவறாகிவிடுகிறது.

நிஸ்டாட்டின் குடலில் அநேகமாக உறிஞ்சப்படுவதில்லை. விழுங்கிய மருந்து ரத்தம் வழியாக வாய்க்குத் திரும்பி வராது. பூஞ்சையின் மேல் நேராகப் பட்டு, அதன் செல்சுவரை அடுத்துள்ள சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டால்தான் வேலை நடக்கும். எனவே வாயில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு பலன்.

1 மி.லி.க்கு 1 லட்சம் யூனிட் கொண்ட திரவத்தில், பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 4 முதல் 6 மி.லி., நாளுக்கு 4 வேளை, 7 முதல் 14 நாட்கள் என்பது வழக்கமான அளவு. முதலில் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படியும் இயல்புள்ளது, குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் நீர்த்ததும் கடைசியில் கெட்டியானதும் கிடைக்கும். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். சாப்பிட்டு, வாய் கொப்பளித்த பிறகு பாதி அளவை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் விட்டு, நாக்கால் எல்லாப் பக்கமும் புரட்டிச் சில நிமிடங்கள் வைத்திருந்து, பிறகு விழுங்குங்கள். தொண்டையிலும் படலம் இருந்தால் விழுங்குவது அவசியம். அடுத்த அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். கடைசி வேளையைப் படுக்கப் போகும்முன் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் மருந்து நீண்ட நேரம் நிற்கும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பயன்படுத்துபவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கக் கூடாது. ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டுமே வலுவிழக்கும். குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள்.

படலம் மூன்றாம் நாளே மறையத் தொடங்கும். அப்போது நிறுத்துவதுதான் அடுத்த பிழை. கண்ணுக்குத் தெரியும் திட்டுகள் மறைந்தபிறகும் குறைந்தது 48 மணி நேரம் தொடர வேண்டும்.

இந்த மருந்தின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1950-ல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரே மருந்தின் பெயரானது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதற்கு எதிர்ப்பாற்றல் பெற்ற கேண்டிடா அரிதாகவே இருப்பது, மனிதரின் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்துகளில் இதற்குள்ள தனிச் சிறப்பு.

ஜெல்லும் சப்பும் மாத்திரையும் இருக்கின்றனவே, அவை எப்படி?

க்ளோட்ரிமசோல் 10 மி.கி. சப்பு மாத்திரையை நாளுக்கு 5 தடவை, 7 முதல் 14 நாட்கள், மெல்லாமல் மெதுவாகக் கரைய விட வேண்டும். கரைய உமிழ்நீர் தேவை. வாய் வறண்டவருக்கு அது கல்போல அப்படியே கிடக்கும், அவருக்கு இது ஏற்றதல்ல.

மைக்கோனசோல் ஜெல்லைச் சுத்தமான விரலால் திட்டுகளின் மேல் தடவி வாயில் இருத்த வேண்டும். பிசுபிசுப்பாக ஒட்டி நிற்பதுதான் இதன் பலம். பல்செட் உள்ளவர்களுக்கும் வாயோரப் புண்ணுக்கும் மிக நன்றாக வேலை செய்கிறது. திட்டுகள் போனபிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

ஆனால் ஒரு கடுமையான எச்சரிக்கை இதற்கு உண்டு. வாயில் தடவும் ஜெல்தானே என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் வேகத்தைப் பெருக்கி, ஆபத்தான ரத்தக்கசிவை உண்டாக்கும். வார்ஃபரின் எடுப்பவர் இந்த ஜெல்லைத் தொடாமல் நிஸ்டாட்டின் கேட்க வேண்டும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஃப்ளூகோனசோல் மாத்திரை எப்போது தேவைப்படும்?

திட்டுகள் வாய் முழுக்கப் பரவி வலி இருந்தால், எதிர்ப்பாற்றல் குறைந்தவராக இருந்தால், அல்லது மேற்பூச்சு மருந்து பலன் தராவிட்டால். பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு வேளை 100 முதல் 200 மி.கி., 7 முதல் 14 நாட்கள். உடலில் நீண்ட நேரம் தங்குவதால் ஒரு வேளை போதும், உணவுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள்.

வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், மேலே சொன்ன சர்க்கரை மாத்திரைகள், இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கும் மருந்துகள் இவற்றோடு இது மோதும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூகோனசோலைத் தவிர்த்து நிஸ்டாட்டின் போன்ற, ரத்தத்தில் கலக்காத மருந்தையே தேர்ந்தெடுப்பார்கள். பெண்ணுறுப்புத் தொற்றுக்காக முன்பு எழுதிக் கொடுத்த 150 மி.கி. மாத்திரை ஒன்று வீட்டில் மீதமிருக்கிறது என்று அதைப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். ஒற்றை வேளை வாய்ப்பூஞ்சைக்கு வழக்கமான சிகிச்சை அல்ல.

கைக்குழந்தையின் நாக்கு வெள்ளையாக இருக்கிறது. பாலா, பூஞ்சையா?

நாக்கில் மட்டும் சீராக இருந்து, ஈரத் துணியால் துடைத்ததும் வந்துவிட்டால் பால். கன்னத்தின் உட்புறத்திலும் உதட்டின் உட்புறத்திலும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சை. குழந்தை வாய்வைத்ததும் விலகி அழுவதும், அரையாடைப் பகுதியில் சிவந்த தடிப்பு வருவதும் கூட வரும் அடையாளங்கள்.

நிஸ்டாட்டின் ஒரு வேளைக்கு 1 முதல் 2 மி.லி., நாளுக்கு 4 வேளை. எத்தனை என்பதை குழந்தை மருத்துவர் சொல்வார், குறைப்பிரசவக் குழந்தைக்கு அளவு குறைவு. பால் கொடுத்த பிறகு, சொட்டுக்குழலால் பாதியை ஒரு கன்னத்திலும் மீதியை மறு கன்னத்திலும் விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். அடுத்த 5 முதல் 10 நிமிடம் பால் வேண்டாம்.

மைக்கோனசோல் ஜெல் 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. கெட்டியான ஜெல் தொண்டையை அடைத்து மூச்சுத் திணறியதாக நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. குறைப்பிரசவமாகப் பிறந்திருந்தால் இந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும். பெரிய குழந்தைக்கும் ஒரே உருண்டையாக வைக்காமல், சிறிது சிறிதாக, வாயின் முன்பகுதியில் மட்டும் தடவுங்கள்.

பால்புட்டியின் நிப்பிள், சூப்பான், வாயில் வைக்கும் பொம்மைகள் எல்லாவற்றையும் சிகிச்சை நாட்களில் தினமும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். இதை விட்டால் மருந்து ஒரு பக்கம் கொல்ல, சூப்பான் மறு பக்கம் திரும்பக் கொடுக்கும்.

தாய்க்கும் மருந்து தேவையா?

காம்பு சிவந்து பளபளப்பாகி, எரிச்சலோ பால் கொடுத்தபின் நீடிக்கும் குத்தலோ இருந்தால், இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். தாய்க்கு 2 சதவீத மைக்கோனசோல் க்ரீமை ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின் தடவி, அடுத்த முறைக்கு முன் மிஞ்சியதைத் துடைத்துவிடலாம். குழந்தைக்கான வாய் ஜெல்லைக் காம்பில் தடவிப் பால் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இன்னொன்று: காம்பு வலிக்கெல்லாம் பூஞ்சை காரணமல்ல. குழந்தை காம்பைச் சரியாகக் கவ்வாததால் வரும் வலியே அதிகம், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல்செட் போடுபவருக்கு மருந்து எடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதே?

பூஞ்சை வாயில் இருப்பதைவிட அதிகமாகப் பல்செட்டில்தான் இருக்கிறது. பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அவற்றில் பூஞ்சை படலமாகக் குடியேறும். இரவும் பகலும் கழற்றாமல் இருந்தால் அடியில் உமிழ்நீர் போகாது.

இரவில் கழற்றிவிடுங்கள். மென்மையான பிரஷும் சாதாரண சோப்பும் கொண்டு, அண்ணத்தில் பொருந்தும் உட்பக்கத்தை முக்கியமாகத் தேயுங்கள். பற்பசை கீறல் போடும், கீறலில் பூஞ்சை குடியேறும். சிகிச்சை நாட்களில் தினமும் இருமுறை 15 நிமிடம் கிருமிநீக்கிக் கரைசலில் ஊறவையுங்கள். உலோகம் இல்லாத செட்டுக்கு இதற்கென விற்கும் ஹைப்போகுளோரைட், உலோகக் கொக்கி உள்ளதற்கு குளோர்ஹெக்சிடின். ஹைப்போகுளோரைட் உலோகத்தை அரித்துவிடும். ஊறியபின் நன்றாக அலசி, இரவு முழுக்கத் தண்ணீரில் வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் செட் வளைந்து பொருந்தாமல் போகும். ஏற்கெனவே தளர்ந்து உராயும் செட் என்றால் பல் மருத்துவர் அதைச் சீர்செய்யும்வரை எந்த மருந்தும் நிலையான பலன் தராது.

ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

வேண்டவே வேண்டாம். வாய்ப்பூஞ்சை தொல்லை, கட்டுப்படாத ஆஸ்துமா உயிராபத்து. மாற்ற வேண்டியது எடுக்கும் முறையை.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலரில் பீய்ச்சிய மருந்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் வாயிலும் தொண்டையிலும் மோதிப் படிகிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயைப் பொருத்தினால் பெரிய துளிகள் அதிலேயே தங்கிவிடும். இழுப்பு மெதுவாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். பவுடர் வகை இன்ஹேலருக்கு ஸ்பேசர் பொருந்தாது, அதை வேகமாக இழுக்க வேண்டும். எந்த வகையானாலும் எடுத்தவுடன் தண்ணீரால் வாய் கொப்பளித்து, தொண்டையிலும் களகளவென்று கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு மடக்குக் குடித்துவிட்டால் போதாது. காலையிலும் இரவிலும் பல் துலக்குவதற்குச் சற்றுமுன் எடுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் கொப்பளிக்க மறக்காது. ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைக்கும்.

வீட்டு வைத்தியம் செய்யலாமா?

அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளிப்பது எரிச்சலைத் தணிக்கும். மருந்துக்குப் பதிலாகாது. போராக்ஸ் கலந்த கிளிசரினைக் குழந்தை வாயில் தடவாதீர்கள், போரான் உடலில் சேர்ந்து வலிப்பு வரை கொண்டுபோகும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது. ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வாயை வறட்டி நிலையை மோசமாக்கும். ஜென்ஷியன் வயலெட் பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மை, ஆனால் வாய்ப்புண்ணை உண்டாக்கக்கூடியது, புற்றுநோய் பற்றிய ஐயமும் எழுந்துள்ளது. பாதுகாப்பான மருந்துகள் இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

அடுத்தவருக்குத் தொற்றுமா?

நலமாக இருப்பவருக்குப் பொதுவாக நோயாகத் தொற்றாது. தாய்க்கும் பால்குடிக் குழந்தைக்கும் இடையே மட்டும் மாறி மாறி வரலாம்.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறது. இதுவும் அதுதானா?

வாய்ப்பூஞ்சையோடு விழுங்க வலியோ, உணவு நெஞ்சில் சிக்குவதுபோலவோ இருந்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கக்கூடும். அன்றே மருத்துவரைப் பாருங்கள். இதற்குச் சொட்டு மருந்தும் ஜெல்லும் போதாது. ஃப்ளூகோனசோல் 200 முதல் 400 மி.கி. தினமும், 14 முதல் 21 நாட்கள் தேவைப்படும். விழுங்கவே முடியாதவருக்கு ஊசி வழியாகக் கொடுப்பார்கள். காய்ச்சலோடு குளிரும் நடுக்கமும் இருந்து, அவர் கீமோதெரபி எடுப்பவர் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் போகவில்லை. அடுத்து என்ன?

7 நாட்களில் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால் மூன்று கேள்விகள். முதலாவது, மருந்து உண்மையிலேயே வாயில் தங்கியதா, முழு நாட்களும் எடுத்தீர்களா? இரண்டாவது, இது எந்த இனம்? கேண்டிடா குரூசி இயல்பிலேயே ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது, கேண்டிடா கிளாப்ராட்டா பல சமயம் அடங்காது. அப்போது கல்ச்சர் எடுத்து, இட்ராகோனசோல் திரவம் 200 மி.கி. தினமும் என்றோ போசகோனசோல் என்றோ மாற்றுவார்கள், 28 நாட்கள் வரைகூடத் தொடரலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இருக்கும்போது மறுபடி மறுபடி வரும். அங்கே நிலையான தீர்வு எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள்தான்.

மூன்றாவது, இது பூஞ்சைதானா? வாயோரத்தை ஒட்டிய கன்னத்தின் உட்பகுதியில், துடைத்தாலும் வராத தடித்த வெள்ளைத் திட்டு, குறிப்பாகப் புகைபிடிப்பவரிடம், கேண்டிடாவோடு சேர்ந்தே வரும் ஒரு நாள்பட்ட வகையாக இருக்கலாம். அது புற்றாக மாறும் வாய்ப்புள்ளது. மருந்து முடிந்து மூன்று வாரம் ஆகியும் ஒரு திட்டு, அது வெள்ளையோ சிவப்போ, அதே இடத்தில் நின்றால் இன்னொரு புட்டி நிஸ்டாட்டின் வாங்க வேண்டாம். வாய் நோய் நிபுணரிடம் சென்று, அந்த இடத்திலிருந்து ஒரு சிறு துண்டுச் சதையை எடுத்துப் பயாப்ஸி பார்க்கச் சொல்லுங்கள்.